சாவடியில் நின்ற வண்டி

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கோயம்பேட்டிலிருந்து மேற்கே போனால் மதுரவாயல், வானகரம் தாண்டி வேலப்பன்சாவடி வரும். இன்னும் மேற்கே, பூந்தமல்லியை ஒட்டி, குமணன்சாவடியும் கரையான்சாவடியும். அதே சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்கு அப்பால் சுங்குவார்சத்திரம். பெயர்களைப் பார்த்தாலே தெரியும், இது நின்று நின்று போன சாலை. மாட்டை அவிழ்த்துவிட்டுத் தண்ணீர் காட்டி, வண்டிக்காரரும் சற்றுக் கண்ணயர்ந்து, பிறகு கிளம்பிய காலத்தின் பெயர்கள் இவை. இன்று அந்த இடங்களில் டயர் கடை, பேட்டரி கடை, லேத்து பட்டறை. நிற்பது மட்டும் மாறவில்லை.

என் அப்பா வேலப்பன்சாவடியில் 1984 முதல் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தார். தொழில் கற்றது புதுப்பேட்டையில். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கடைக்குள் தண்ணீர் வந்தது. அடுத்த மாதமே ஷட்டரை இறக்கிவிட்டார். வெள்ளம் ஒரு சாக்கு. அதற்கு முன்பே, புதிதாக வரும் வண்டிகளைப் பார்த்து, "இது நம்ம வண்டி இல்லப்பா" என்று சொல்லத் தொடங்கியிருந்தார்.

என் அத்தை மகன் பிக்கப் வைத்திருக்கிறான். பிஎஸ்-6 வண்டி, புதிதாக வாங்கியது. சுங்குவார்சத்திரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கத்தரி, வெண்டை, கீரை ஏற்றி நள்ளிரவில் கோயம்பேட்டில் இறக்குவான். வாங்கிய ஒன்பதாம் மாதம் ஒரு நாள் ராத்திரி ஒன்றரை மணிக்கு அப்பாவுக்குப் போன் வந்தது.

"மாமா, வண்டி நின்னுடுச்சு. எல்லா லைட்டும் ஒரு தபா மின்னுச்சு, ஆஃப் ஆயிடுச்சு. ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆயிடுச்சு."

"இப்ப செல்ஃப் எடுக்குதா?"

"இப்ப எடுக்குது மாமா. ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது. அதான் பயமா இருக்கு."

அடுத்த ஐந்து வாரங்களில் இன்னும் நான்கு முறை. சர்வீஸ் சென்டருக்கு மூன்று முறை விட்டான். மூன்று முறையும் ஸ்கேனர் மாட்டினார்கள், பகலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார்கள், 'கோளாறு எதுவும் காணப்படவில்லை' என்று ஜாப் கார்டில் எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாம் முறை அங்கிருந்தவர் கேட்டாராம், "வண்டிய நீங்கதான் ஓட்டுறீங்களா, வேற டிரைவரா?" கேள்வி சாதாரணமானதுதான். ஆனால் அவன் அதைச் சொன்னபோது குரல் உடைந்தது. ஐந்தாம் முறை வண்டி நின்றது பூந்தமல்லி தாண்டி, வலது ஓரத்துப் பாதையில். லோடு இறக்க வந்த பையன் குதித்து இறங்கி, செல்போன் டார்ச்சை ஆட்டிக்கொண்டே பின்னால் ஓடினான். பின்னால் வந்த லாரி அவனுக்கு மிக அருகில் நின்றது. அதற்குப் பிறகு அந்தப் பையன் வேலைக்கு வரவில்லை. மாதத் தவணை மட்டும் தவறாமல் வந்தது.

ஒருவன் 'நின்றது' என்கிறான். கணினி 'நிற்கவில்லை' என்கிறது. யாரை நம்புவது? இந்தக் கேள்வி எப்படி உருவானது என்று தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரை.

*

ருடால்ஃப் டீசல் 1892-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1897-இல் அவருடைய இன்ஜின் ஒழுங்காக ஓடியது. பெட்ரோல் இன்ஜினுக்கும் அதற்கும் உள்ள முக்கியமான வேறுபாடு, பொறி தேவையில்லை என்பது. காற்றை இறுக்கமாக அழுத்தினால் அது சூடேறும். அந்தச் சூட்டில் டீசலைத் தெளித்தால் தானே பற்றிக்கொள்ளும். சரியான நேரத்தில் சரியான அளவு தெளிப்பதுதான் கடினம். அதற்கான பம்பை ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1927-இல் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. அதன் இந்திய நிறுவனம் 1951-இல் பெங்களூரில் வந்தது. நம் லாரி உலகில் அதற்கு 'மைக்கோ' என்றுதான் பெயர்.

அந்தப் பம்பு முழுக்க இரும்பு. இன்ஜின் சுற்றினால் பம்பு சுற்றும், பம்பு சுற்றினால் டீசல் போகும். மின்சாரத்துக்கு அதில் வேலையே இல்லை. செல்ஃப் எடுக்கவில்லையா, நான்கு பேர் தள்ளினால் போதும். ஓடத் தொடங்கிய பிறகு பேட்டரியைக் கழற்றி வைத்தாலும் ஓடும். நிறுத்துவதற்குத்தான் டிரைவர் பக்கத்தில் ஒரு குமிழை இழுக்க வேண்டும். அது கம்பி வழியாகப் போய் டீசலை அடைக்கும்.

அப்பா ஒரு கதை சொல்வார். 80-களில் வாலாஜாபேட்டை அருகே ஒரு லாரியின் ஒயரிங் மொத்தமாக எரிந்துபோனது. டிரைவர் கருகிய ஒயர்களை வெட்டி எறிந்தார், விடியும்வரை காத்திருந்தார், வண்டியைத் தள்ளவைத்துக் கிளப்பி வேலப்பன்சாவடிவரை ஓட்டிவந்து கடை வாசலில் நிறுத்தினார். "லைட்டு, ஹாரன் இல்ல. வண்டிக்கு என்ன? வண்டி நல்லா இருக்கு" என்றாராம். டீசல் வண்டியில் எலக்ட்ரீஷியன் என்பவர் விளக்குக்கும் ஹாரனுக்கும் செல்ஃபுக்கும் மட்டும் பொறுப்பாளர். வண்டியின் உயிர் அவர் கையில் இல்லை.

அந்தச் சிறிய உலகத்துக்கும் பெரிய பின்னணி இருந்தது. 1961-இல் பிரிட்டனின் லூகாஸும் டிவிஎஸ்ஸும் சேர்ந்து லூகாஸ்-டிவிஎஸ் நிறுவனத்தை அமைத்தன. அதன் பாடி தொழிற்சாலையிலிருந்து டைனமோவும் செல்ஃப் மோட்டாரும் நாடெங்கும் போயின. பக்கத்திலேயே பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன். 60-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை. ஆவடியில் பீரங்கி வண்டித் தொழிற்சாலை. சென்னையின் மேற்குப் பக்கம் முழுவதும் ஏதோ ஒரு வண்டியின் ஏதோ ஒரு பாகத்தைச் செய்துகொண்டிருந்தது. பிரிட்டனில் லூகாஸ் விளக்குகள் அடிக்கடி அணையும் என்பதால் அந்நிறுவனத்தை 'இருட்டின் இளவரசர்' என்று கிண்டல் செய்வார்கள். பாடி சரக்கை அப்பா ஒருநாளும் குறை சொன்னதில்லை. "லூகாஸ் டைனமோ நாய் மாதிரி, விசுவாசம்" என்பார்.

பிறகு டீசல் பம்புகளில் ஒரு சின்னச் சேர்க்கை வந்தது. இழுக்கும் குமிழுக்குப் பதில் ஒரு மின்காந்தம். சாவியைத் திருப்பினால் அது டீசல் வழியைத் திறந்து வைத்திருக்கும், சாவியை அணைத்தால் அடைக்கும். வசதிதான். ஆனால் இப்போது அந்த ஒற்றை ஒயர் கழன்றால் வண்டி நின்றுவிடும். டீசல் இன்ஜின் மின்சாரத்தின் தயவில் ஓடத் தொடங்கியது அங்கேதான். இப்படி நிற்கும் வண்டிகளை, அந்த மின்காந்தத்துக்குப் பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஒயர் இழுத்து, அப்பா ஐந்து நிமிடத்தில் கிளப்பிவிடுவார்.

*

அடுத்த மாற்றத்துக்குக் காரணம் புகை. அதை மறந்துவிட்டுப் பழைய வண்டியைப் புகழ்வது சரியாக இருக்காது. முப்பத்தொரு வருடம் அந்த நெடுஞ்சாலை ஓரத்தில் அமர்ந்து கரும்புகையை மூச்சில் வாங்கியவர் அப்பா. கடையை மூடிய பிறகும் மார்கழியில் அவருக்கு இருமல் விடுவதில்லை.

புகையைக் குறைக்க டீசலை மிக நுண்ணிய துளிகளாகத் தெளிக்க வேண்டும். அதற்கு மிகப்பெரிய அழுத்தம் வேண்டும். காமன் ரெயில் என்கிற முறையில் ஒரு குழாயில் டீசலை ஆயிரம் பாருக்கும் மேலான அழுத்தத்தில் எப்போதும் தேக்கி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு மின்வால்வு, ஒரு மில்லி வினாடி அளவுக்கே திறந்து மூடும். எப்போது திறப்பது, எவ்வளவு நேரம் என்பதைக் கணினிதான் சொல்ல முடியும். 1995-இல் ஜப்பானின் டென்சோ இதை ஹினோ லாரிகளுக்குக் கொண்டுவந்தது. 1997-இல் பாஷ் தயாரிப்பாக ஆல்ஃபா ரோமியோ 156 காரில் வந்தது.

நம் ஊர் லோடு வண்டிகளில் இந்த மாற்றத்தை இரண்டு வண்டிகளை வைத்துச் சொல்லிவிடலாம். 2005-இல் டாடா ஏஸ் வந்தது. தமிழ்நாடு அதற்குக் 'குட்டி யானை' என்று பெயர் வைத்தது. 702 சிசி, இரண்டு சிலிண்டர், எளிமையான பழைய பாணி டீசல் இன்ஜின். தெருமுனை மெக்கானிக் பிரித்துப் போட்டுச் சேர்த்துவிடுவார். 2011-இல் அசோக் லேலண்டும் நிசானும் சேர்ந்து ஒசூரிலிருந்து தோஸ்த் வண்டியை விட்டார்கள். மூன்று சிலிண்டர், டர்போ, காமன் ரெயில். ஆறே வருட இடைவெளி. ஆனால் முதல் வண்டிக்கு வேண்டியது ஸ்பேனர், இரண்டாவதற்கு ஸ்கேனர்.

2010 ஏப்ரலில் சென்னை உட்பட 13 நகரங்களுக்குப் பிஎஸ்-4 வந்தது. 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும். மூன்று நாள் முன்பு, மார்ச் 29 அன்று, பிஎஸ்-3 வண்டிகளை இனி விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் ஷோரூம்களில் நடந்த தள்ளுபடி விற்பனையைப் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். பிறகு பிஎஸ்-5 என்ற படியையே தாண்டி, 2020 ஏப்ரல் 1 அன்று பிஎஸ்-6. டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. புகைக்குழாயில் வடிகட்டி, அதற்கு முன்னும் பின்னும் அழுத்தம் பார்க்கும் சென்சார், வெப்பம் பார்க்கும் சென்சார் என்று சேர்ந்துகொண்டே போனது.

இத்தனை சென்சாருக்கும் தனித்தனி ஒயர் போட்டால் வண்டி ஒயர் மூட்டையாகிவிடும். அதற்குத் தீர்வு ஏற்கெனவே இருந்தது. 1986-இல் பாஷ் அறிமுகப்படுத்திய 'கேன்' என்ற முறை. முறுக்கிய இரண்டே ஒயர்களில் வண்டியின் எல்லாக் கணினிகளும் மாறி மாறிப் பேசிக்கொள்ளும். வீட்டில் ஒரே போனை எல்லோரும் பயன்படுத்துவது மாதிரி. அந்த இரண்டு ஒயரில் ஒன்று எங்காவது உரசிக் காயம்பட்டால், சம்பந்தமில்லாத நான்கு விளக்குகள் டேஷ்போர்டில் எரியும்.

உலோகம், ஈரம், அதிர்வு. இந்த மூன்றும் எல்லாக் காலத்திலும் வண்டியில் இருந்தவைதான். முன்பு கப்ளர் லூசானால் ஹெட்லைட் மினுக்கும். இப்போது இன்ஜின் நின்றுவிடும்.

*

நிற்பது ஒரு பிரச்சினை. நின்றதை நிரூபிப்பது இன்னொரு பிரச்சினை.

வண்டிக் கணினி தன் பழுதைத் தானே குறித்துவைக்க வேண்டும் என்ற யோசனை கலிஃபோர்னியாவின் புகைச் சட்டங்களிலிருந்து வந்தது. 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் ஒரே மாதிரியான ஸ்கேனர் துளை கட்டாயமானது. இந்தியாவிலும் பிஎஸ்-4 காலத்தில் அது வந்தது. பழுது ஏற்பட்டால் ஓர் எண் பதிவாகும், மெக்கானிக் அதைப் படிப்பார். நல்ல ஏற்பாடு. ஆனால் ஒவ்வொரு சின்ன அதிர்வையும் பழுது என்று எழுதிவிடக் கூடாது என்பதற்காக, ஒரு கோளாறு குறிப்பிட்ட நேரம் நீடித்தால்தான் பதிவு செய்யும்படி அமைத்திருப்பார்கள். அதைவிடக் குறுகிய கோளாறு கணக்கில் வராது. கணினிக்குப் போகும் மின்சாரமே அறுந்தால் அதுவும் சேர்ந்து அணைந்துவிடும். மயங்கி விழுந்தவனிடம் 'எத்தனை மணிக்கு விழுந்தாய்' என்று கேட்பது மாதிரிதான்.

இதற்கு ஒரு பழைய வழக்கு உண்டு. 1983 முதல் 1995 வரை ஃபோர்டு பல கார்களிலும் பிக்கப்களிலும் பொறி கொடுக்கும் மின்னணுப் பெட்டியை இன்ஜின்மேல் டிஸ்ட்ரிபியூட்டரிலேயே பொருத்தியது. இன்ஜின் சூடேறினால் பெட்டியும் சூடேறி வேலையை நிறுத்தும், வண்டி ஓடும்போதே அணையும். ஓரம் கட்டிக் காத்திருந்தால் பெட்டி ஆறிவிடும், வண்டி கிளம்பிவிடும். பட்டறைக்கு இழுத்து வந்தால் எல்லாம் சரியாக இருக்கும். கலிஃபோர்னியாவின் அலமேடா மாவட்ட நீதிமன்றத்தில் நடந்த வழக்கில், ஃபோர்டு இதை அறிந்தே மறைத்தது என்று நீதிபதி மைக்கேல் பாலச்சி 2000-இல் முடிவுக்கு வந்தார். அந்த மாநிலத்தில் ஏறக்குறைய 17 லட்சம் வண்டிகளைத் திரும்பப் பெற உத்தரவிட்டார். மறுவருடம் நிறுவனம் சமரசத்துக்கு வந்தது.

ஜெனரல் மோட்டார்ஸ் கதை இன்னும் கொடியது. சில சிறிய கார்களில் சாவித் துளை இளகலாக இருந்தது. முழங்கால் பட்டாலோ சாவிக்கொத்து கனமாக இருந்தாலோ சாவி தானே திரும்பி இன்ஜின் அணையும். கூடவே ஏர்பேகும் அணைந்துவிடும். ஓடும் வண்டி நிற்பதை அந்நிறுவனத்துக்குள் 'வாடிக்கையாளர் வசதி' சார்ந்த பிரச்சினை என்று வகைப்படுத்தியிருந்தார்கள். பாதுகாப்புப் பிரச்சினை என்று பெயரிட்டிருந்தால் உடனே ஏதாவது செய்திருக்க வேண்டும். புகார்கள் வரத் தொடங்கிப் பல வருடங்கள் கழித்து, 2014-இல்தான் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் மட்டும் 124.

இந்தியாவில் 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 110ஏ என்ற பிரிவைக் கொண்டுவந்தது. 2021 ஏப்ரல் முதல் அதன் விதிகள் நடைமுறையில் உள்ளன. ஒரே வகை வண்டியின் உரிமையாளர்களில் குறிப்பிட்ட விகிதத்தினர் பாதுகாப்பு சார்ந்த ஒரே பழுதைப் புகாராகச் சொன்னால், வண்டிகளைத் திரும்பப் பெறும்படி அரசே ஆணையிடலாம். அதற்கு முன்பு எல்லாம் நிறுவனங்களின் விருப்பம். நிறுவனங்கள் தாமாகவும் அழைக்கின்றன: 2023 ஆகஸ்டில் மஹிந்திரா, இன்ஜின் அறையில் ஒயரிங் உரசி அறுபடக்கூடும் என்று சொல்லி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட எக்ஸ்யூவி700 கார்களைத் திரும்ப அழைத்துச் சோதித்தது.

சட்டம் நல்லதே. ஆனால் அது எண்ணிக்கையில் இயங்குகிறது. ஜாப் கார்டில் 'கோளாறு இல்லை' என்று எழுதப்பட்ட பழுது எந்த எண்ணிக்கையில் சேரும்? ராத்திரி ஒன்றரை மணிக்குக் கத்தரிக்காய் மூட்டையோடு நின்ற ஒருவன் அதை எப்படிக் கணக்கில் ஏற்றுவான்?

*

வண்டியை விற்றுவிடலாம் என்று வந்தவனிடம் அப்பா ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தார்.

"நிக்கிறப்பல்லாம் எழுது மாப்ள. மணி எத்தினி, லோடு எவ்ளோ, என்னென்ன லைட்டு எரியுது, மழையா, ரோடு எப்டி. நின்னது மட்டுமில்ல, நிக்காத நாளையும் எழுது."

"நிக்காத நாள எதுக்கு மாமா?"

"அப்பதான் நின்ன நாளு என்னான்னு தெரியும்."

முன்பு நடந்த ஐந்தையும் நினைவிலிருந்து எழுதினான். அடுத்த ஒரு மாதத்தில் இன்னும் இரண்டு முறை நின்றது. ஞாயிற்றுக்கிழமை அப்பா நோட்டை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கல்யாணக் கணக்குப் பார்ப்பது மாதிரி வரி வரியாகப் பார்த்தார். ஏழு முறையும் ராத்திரி. ஏழு முறையும் முழு லோடு. ஆறு முறை பள்ளத்திலோ வேகத்தடையிலோ இறங்கி ஏறிய உடனே. கோயம்பேட்டில் இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது ஒருமுறைகூட இல்லை. சர்வீஸ் சென்டரில் ஓட்டிப் பார்த்தது பகலில், வெறும் வண்டியில்.

"அவங்க சொன்னதும் பொய்யில்ல, நீ சொன்னதும் பொய்யில்ல" என்றார்.

பரணிலிருந்து அவருடைய பழைய டெஸ்ட் பல்பை எடுத்தார். வண்டி இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பு, இரண்டு ஒயர், முனையில் முதலை கிளிப். கம்ப்யூட்டர் ஒயரில் அதை வைத்தால் கம்ப்யூட்டர் கெட்டுவிடும் என்று எனக்கே தெரியும். தடுத்தேன். "அதுல யாரு வெக்கப் போறா? எர்த்ததான் பாக்கப் போறேன்" என்றார்.

வண்டியில் பேட்டரியின் மைனஸ் முனை சேஸிஸோடு சேர்க்கப்பட்டிருக்கும். விளக்கிலிருந்தும் கணினியிலிருந்தும் திரும்பும் மின்சாரம் அந்த இரும்பு உடம்பு வழியாகத்தான் பேட்டரிக்கு வரும். அதைத்தான் எர்த் என்கிறோம். மீட்டரில் அந்த இணைப்பை அளந்தபோது நன்றாகவே காட்டியது. மீட்டர் அனுப்புவது துளி மின்சாரம். துளி போகும் வழியில் வெள்ளம் போகுமா என்று அதற்குத் தெரியாது. பல்பு கூடுதலாக மின்சாரம் கேட்கும். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து முன்பக்க எர்த் போல்ட்டுக்குப் பல்பை மாட்டியபோது மஞ்சளாக, சோம்பலாக எரிந்தது. பிறகு எல்லா விளக்கையும் போட்டு, பேட்டரி மைனஸுக்கும் அந்தப் போல்ட்டுக்கும் நடுவே மீட்டரை வைத்தார். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றரை வோல்ட். போல்ட்டை ஸ்பேனரால் லேசாகத் தட்டினால் நான்குவரை ஏறி இறங்கியது.

கழற்றினோம். வண்டி வாங்கியபின் வெளியே லோடு பாடி கட்டியபோது, அந்தப் போல்ட்டைக் கழற்றி, கறுப்புப் பெயிண்ட் அடித்து, மேலேயே திரும்ப முடுக்கியிருந்தார்கள். பெயிண்டுக்கு நடுவே இருந்த சிறிய இடைவெளியில்தான் இரும்பும் லக்கும் தொட்டுக்கொண்டிருந்தன. மழைநீர் இறங்கி, லக்கின் செம்பில் பச்சையாகக் களிம்பு. செம்போடு களிம்பு கூடவே இருப்பதுபோல உயிரோடு மலம் இருக்கிறது என்று சைவ சித்தாந்தத்தில் சொல்வார்கள். அப்பாவுக்குச் சித்தாந்தம் தெரியாது. உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தார்.

இன்ஜின் கணினியின் எர்த்தும் விளக்குகளின் எர்த்தும் அந்த வண்டியில் அந்த ஒரே போல்ட்டில் வந்து சேர்ந்தன. ராத்திரி விளக்கு எரியும்போது அந்தக் குறுகிய வழியில் நெரிசல். முழு லோடில் பள்ளத்தில் இறங்கும்போது சேஸிஸ் நெளியும், தொடுதல் ஒரு கணம் விடும். கணினி அணைந்து எழும். எழுந்தபின் அதற்கு எதுவும் நினைவில்லை.

பெயிண்டைச் சுரண்டி, புது லக் அடித்து, கிரீஸ் தடவி முடுக்கினார். செலவு எழுபது ரூபாய்.

ஒரு மாதம் கழித்து அவன் இனிப்போடு வந்தான். "சரியாயிடுச்சு மாமா, ஒரு தபாகூட நிக்கல." அப்பா ஒரு மைசூர்பாக்கை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"சரியாயிடுச்சுன்னு சொல்லாத மாப்ள. இன்னும் நிக்கலன்னு சொல்லு. நோட்டு எழுதுறியா?"

எழுதிக்கொண்டுதான் இருக்கிறான். இப்போது பதினோரு மாதம். அடுத்த சர்வீஸுக்குப் போனபோது நோட்டையும் கொண்டுபோனானாம். அங்கிருந்தவர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, நின்று, முதலிலிருந்து படித்தாராம். பிறகு போனை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்துக்கொண்டாராம்.

போன வாரம் நோட்டை நான் வாங்கிப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் தேதி, மணி 1.10, கீரையும் முள்ளங்கியும், நல்ல மழை, எல்லா லைட்டும் வைப்பரும் ஓடியது, வேலப்பன்சாவடி. அதற்கு எதிரே, 'நிக்கல' என்று எழுதியிருந்தான்.